நூறு புள்ளி நாலும் நூற்றி நாலும்: கத்திரி வெயிலில் முதல் கீமோ

எழுதக் காரணம்

புற்றுநோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சிறு குழு ஒன்றில் நான் செவிலியர். வேலூர்தான் எங்களுக்கு மையம். கீமோவின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்லித்தருவதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தவர் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த 52 வயது அம்மா ஒருவர். அவர் முதல் இரண்டு சுற்றைக் கடந்த ஏழு வாரங்களை இங்கே பதிகிறேன். அவரும் வீட்டாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். நடந்த பிசகில் பெரும்பங்கு என்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அம்மா, மகன், மருமகள், நான்கு வயதுப் பேத்தி. கணவர் இறந்து ஆறு வருடம். மகன் கைலித் தறியில் கூலிக்கு நெய்கிறார். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பீடி சுற்றுகிறார். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் நாளைக்கு எழுநூறு வரை போகும். மருத்துவமனை ஃபைலில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தது. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

சர்க்கரை நோய் எட்டு வருடமாக இருக்கிறது, மாத்திரையில் ஓடுகிறது. இடது மார்பில் கட்டி தெரிந்து, வேலூரில் ஒரு மருத்துவமனையில் மார்ச் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்களிலும் நோய் இருந்ததால் கீமோ முடிவானது. 21 நாளுக்கு ஒருமுறை டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்த்து நான்கு சுற்று, அதன் பின் பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து, கடைசியில் கதிர்வீச்சு. கதிர்வீச்சை எங்கள் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் முன்னதாகவே எக்கோ எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. செலவின் பெரும்பகுதி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் போனது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். பஸ், சாப்பாடு, வெளியே எழுதித்தரும் மருந்து ஆகியவை கைக்காசு.

அம்மாவிடம் ‘கட்டி’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். கேன்சர் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பது முதல் சந்திப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மகன் வெளியே போனதும், “இந்த ஊசி போட்டா மயிர் கொட்டுமாமே சிஸ்டர், சாதாரண கட்டிக்கு அந்த ஊசி போடுவாங்களா?” என்றார். கேள்வி மாதிரிதான் கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை.

முதல் மருந்துக்கு முன் நாங்கள் சொன்னவை

முதல் சுற்று மே 4-ஆம் தேதி. அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்றே.

இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அந்த நேரத்தை எதற்கு எவ்வளவு செலவழித்தேன் என்று பின்னால் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி வாந்திக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தது. குடும்பம் பயந்ததும் அதற்குத்தான். பக்கத்துத் தெருவில் ஒருவர் கீமோவில் பச்சைத் தண்ணீர் கூட நிற்காமல் கிடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அடுத்தபடியாக முடி. காய்ச்சலுக்கு ஐந்து நிமிடம் கூடக் கொடுக்கவில்லை. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னேன். மருமகளிடம், “100.4-க்கு மேல போனா உடனே போன் பண்ணும்மா” என்றேன். அவர் தலையாட்டினார். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

கூட்டத்தில் போகக் கூடாது என்றும் சொன்னேன். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அம்மா ஒரு வருடம் தப்பாமல் போகிறவர். இந்த வருடம் போக வேண்டாம் என்றதற்கு முகம் வாடினாலும் ஒத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நாள்

டே கேர் வார்டில் மருந்து ஏறியபோது தொந்தரவு எதுவும் இல்லை. இடது பக்கம் அறுவை ஆகியிருந்ததால் வலது கையில் மட்டும் ஊசி. மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள்.

அன்றிரவு சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. டாக்ஸோரூபிசினே சிவப்பு மருந்து. ஏறிய ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீரிலும் அந்த நிறம் வரும். வார்டில் சொல்லியிருந்தார்கள், ஆனால் டிஸ்சார்ஜ் பரபரப்பில் சொன்னது காதில் ஏறவில்லை. அம்மா அதை ரத்தம் என்று நினைத்துவிட்டார், யாரிடமும் சொல்லவுமில்லை. ஒண்ணுக்குப் போனால்தானே ரத்தம் போகும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். கழிவறை வேறு வீட்டுக்குப் பின்னால், வெயிலில் நடந்து போக வேண்டும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு போட்டவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மூத்திரப்பை புண்ணாகும். வெளியே நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயில், உள்ளே இந்த மருந்து, அவரோ இரண்டு சொம்பு தண்ணீரோடு நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது நாக்கு காய்ந்திருந்தது. காரணத்தைக் கறக்க அரை மணி நேரம் ஆனது.

இன்னொன்றும் அன்றுதான் வெளிப்பட்டது. முதல் நாள் வாந்தி வரவே இல்லை. அதனால் வாந்தி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். “வாந்தி வந்தா தானே சிஸ்டர் வாந்தி மாத்திரை” என்றார் மகன். வயிற்றுவலி வந்தால் வயிற்றுவலி மாத்திரை என்று வாழ்ந்தவருக்கு அது சரியான நியாயம்தான். ஆனால் இந்த மருந்துக்கு வாந்தி இரண்டு தவணையாக வரும். முதல் 24 மணி நேரத்தில் ஒன்று, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இன்னொன்று. எழுதித்தந்த மாத்திரைகள் பாதிக்கு மேல் அந்த இரண்டாவதைத் தடுக்கத்தான். மூன்றாம் நாள் காலையிலிருந்து ஏழு முறை வாந்தி எடுத்திருந்தார்.

மருத்துவமனைக்குப் போன் செய்து, மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்தோம். இரவு போட வேண்டிய ஓலன்சபைனையும் அன்று முதன்முறையாகப் போட்டார். மறுநாள் பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்காததால் வீடே கலங்கிப் போனது. தூக்கம் அந்த மாத்திரையின் வேலை என்று நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. இதுவும் என் கணக்கில்.

சர்க்கரையிலும் ஆட்டம் கண்டது. வாந்திக்குத் தரும் டெக்ஸாமெத்தாசோன் சர்க்கரையை ஏற்றும். சாப்பாடு இறங்கவில்லையே என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்தி வைத்திருந்தார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பெண் தன்னார்வலர் சோதித்தபோது 318. டாக்டரிடம் கேட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, அளவை மாற்றிக்கொண்டோம்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் அறிவுரையைவிட மருமகளின் புத்தி நன்றாக வேலை செய்தது. சோறு கொதிக்கும் வாசம்தான் அம்மாவுக்குக் குமட்டுகிறது என்று கண்டுபிடித்து, அடுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோனார். சூடான சோற்றைத் தள்ளியவர், ஆறிய கேழ்வரகுக் களியை மோரில் கரைத்துக் கொடுத்தபோது குடித்தார். புளித்த கூழ் வேண்டாம், அன்றன்று கிளறிய களி, காய்ச்சிய பாலில் வீட்டிலேயே தோய்த்த மோர் என்பது மட்டும் எங்கள் திருத்தம். ஐந்தாம் நாள் மாலை அரைக் கிண்ணம் பருப்பும் இறங்கியது.

நல்லாத்தான் கீறேன்

ஆறாம் நாளிலிருந்து முகம் தெளிந்தது. மலச்சிக்கல் நான்கு நாளாக இருந்து, அது வாந்தி மாத்திரையால் வந்தது என்பதால் சிரப் கொடுத்துச் சரியானது. எட்டாம் நாள் நான் போன் செய்தபோது, “நல்லாத்தான் கீறேன் சிஸ்டர், இலை நனைச்சு வச்சிகிறேன்” என்றார். பீடி இலை. ஐந்து வாரமாகக் கை சும்மா இருந்தது, கம்பெனிக்காரர் தூளும் இலையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்.

பத்தாம் நாள் நான் போக வேண்டிய முறை. அம்மா நன்றாக இருக்கிறார், ஆம்பூரில் இன்னொருவர் படு மோசமாக இருந்தார், அங்கே போனேன். அன்றைய முடிவாக அதை நியாயப்படுத்தலாம். ஆனால் கீமோவின் கணக்கு வேறு. வாந்தியும் சோர்வும் முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். எலும்பு மஜ்ஜையில் நடப்பது தெரியாது. வெள்ளை அணுக்கள் ஏழாம் நாளுக்குப் பின் இறங்கி, பத்திலிருந்து பதினான்கு வரை அடிமட்டத்தில் கிடக்கும். ஆள் தெம்பாகத் தெரிகிற நாட்களும் உடம்பில் காவல் இல்லாத நாட்களும் ஒன்றாக விழுகின்றன. குடும்பமும் அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு விடும். செவிலியரும் அப்படியே, நான் செய்ததைப் போல.

பன்னிரண்டாம் நாள்

மே 15, வைகாசி ஒன்று. திருவிழாவுக்கு அம்மா போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திருவிழா வீட்டுக்கு வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. குடியாத்தத்தைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது உறவெல்லாம் கூடுகிற நாள். சிரசு ஊர்வலம் பார்க்க வந்த நாத்தனார், அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெங்களூரிலிருந்து தம்பி குடும்பம் என்று இருபது பேருக்கு மேல் அந்த இரண்டு அறைக்குள் வந்து போனார்கள். நோயாளியைப் பார்க்கவும் ஒரு சாக்காயிற்று. ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. அம்மா அதை மடியில் வைத்திருந்தார். வெளியே வெட்டி விற்ற தர்பூசணித் துண்டுகளை யாரோ வாங்கிவந்து கொடுக்க, அதையும் சாப்பிட்டார்.

மாலை ஐந்து மணிக்கு உடம்பு கொதித்தது. “கத்திரி சூடு, கீமோ சூடு ரெண்டும் சேந்துக்கிச்சு” என்றார் நாத்தனார். இளநீர், நுங்கு, ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய் என்று எல்லாம் நடந்தது. மருமகள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். 101.2. வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். ஏழு மணிக்கு 99.4. எல்லோரும் வாணவேடிக்கை பார்க்கப் போனார்கள்.

ஒன்பதரைக்கு அம்மா கம்பளி கேட்டார். வீட்டில் கம்பளி இல்லை. சமக்காளத்தைப் போர்த்தினார்கள், அப்போதும் பல் அடித்தது. 9.40-க்கு எனக்குப் போன் வந்தது.

“சிஸ்டர், அத்தை நடுங்குறாங்க. கத்திரியில யாராச்சும் கம்பளி கேப்பாங்களா?”

எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 102.8 என்றார். சாயங்காலமே 101 தாண்டியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஏன் அப்போதே கூப்பிடவில்லை என்று என் குரல் ஏறியிருக்க வேண்டும், அவர் அழுதுவிட்டார். “நூத்தி நாலு வந்தா தானே கூப்புட சொன்னீங்க?”

நான் நூறு புள்ளி நாலு என்றேன். அவர் நூற்றி நாலு என்று வாங்கிக்கொண்டார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுக்க டிவியில் வேலூர் 104, வேலூர் 105 என்று ஃபாரன்ஹீட் கணக்கில் வெயிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் 104 என்பது மே மாதத்தில் எல்லார் வாயிலும் இருக்கிற எண். 100.4 என்ற எண் யார் வாயிலும் இல்லை. அது செல்சியஸில் 38. ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றும்போது வாலோடு வந்து நிற்கிறது. நாங்கள் கொடுத்த துண்டுத்தாளிலும் ‘100.4’ என்றுதான் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. புள்ளியை யார் பார்க்கிறார்கள்?

அந்த இரவு எடுத்த முடிவுகள்

மூன்று முடிவுகள் பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டியிருந்தது. சரியா என்று இன்னும் எங்கள் குழுவுக்குள் வாதம் உண்டு.

முதலாவது, எங்கே போவது. குடியாத்தம் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. வேலூர் ஏறத்தாழ 35 கி.மீ. வெள்ளை அணு இல்லாத உடம்பில் காய்ச்சல் என்றால் முதல் ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறது என்பதுதான் உயிர். மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் என்பது நடைமுறை. அருகில் போய் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு புறப்படலாம் என்றார் எங்கள் டாக்டர். அப்போது அந்த மருத்துவமனைக்குப் போகும் தெருக்களில் திருவிழாக் கூட்டம். நேரே வேலூர் என்று முடிவானது.

இரண்டாவது, எதில் போவது. 108-ஐ அழைக்கலாமா என்று பேசினோம். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாசலிலேயே நின்றது, ஓட்டவும் ஆள் இருந்தார். காரில் ஏற்றினோம். பின்னால் ரத்த அழுத்தம் 90/60 என்று தெரிந்தபோது, வழியில் டிரிப் ஏற்றுகிற வண்டியில் அனுப்பியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இந்த முடிவை இன்று எடுத்தால் மாற்றி எடுப்பேன்.

மூன்றாவது, இன்னொரு காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். மாலை கொடுத்த மாத்திரை காய்ச்சலை மூடி மறைத்ததில்தான் நான்கரை மணி நேரம் போயிருந்தது.

கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாக 11.25-க்கு மருத்துவமனை சேர்ந்தார்கள். நான் போனிலேயே அவசரப் பிரிவில் சொல்லி வைத்திருந்தேன்: ‘கீமோ பன்னிரண்டாம் நாள், காய்ச்சல், சர்க்கரை உண்டு’. இந்த மூன்றையும் கேட்டால் காத்திருக்க வைக்க மாட்டார்கள். ரத்தம் எடுத்து, அதில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு 11.55-க்கு ஆன்டிபயாடிக் தொடங்கியது.

மருத்துவமனையில்

மொத்த வெள்ளை அணு 700, அதில் கிருமியை முதலில் எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபில் 80 மட்டுமே. 500-க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது அளவு. சர்க்கரை 286. கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது, மூன்றாம் நாள் ரிப்போர்ட் பார்த்து ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. 22-ஆம் தேதி வீடு திரும்பினார்.

வீட்டில் இதற்குள் பழி போடுதல் நடந்து முடிந்திருந்தது. மூக்கு ஒழுகிய குழந்தையின் அம்மாவோடு பேச்சில்லை. எங்கள் டாக்டர் மகனை உட்கார வைத்து விளக்கினார்: ஈ.கோலை அவரவர் குடலிலேயே இருக்கிற கிருமி. கீமோ வாய் முதல் குடல் வரை உள்தோலை மெலிதாக்கும். அந்த வழியாக ரத்தத்துக்குள் இறங்கும்போது பிடிக்க ஆள் இல்லாவிட்டால் காய்ச்சல். சளி பிடித்த குழந்தையிடமிருந்து இது வரவில்லை. தர்பூசணி வழியாக வந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் என்று சொல்லவும் முடியாது. இந்த விளக்கம் மருத்துவத்துக்கு எவ்வளவு உதவியதோ, இரண்டு வீடுகளுக்கு இடையே அதைவிட உதவியது.

பதினேழாம் நாள், வார்டில் இருக்கும்போதே, தலையணை முழுக்க முடி. இடுப்பு வரை இருந்த முடி. நான் ஆறுதல் சொல்லத் தயாராகிப் போனால் அவர் முன்னமே தீர்மானித்து வைத்திருந்தார்: “ஊர்ல திருப்பதிக்கு வேண்டிக்கினேன்னு சொல்லிடுவேன்.” எங்கள் பக்கம் பெண்கள் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு வருவது சாதாரணம், யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். இந்த நிலையில் மலைக்கெல்லாம் போக முடியாது. தோல் கீறினால் அது வேறு வினை என்பதால் சவரக்கத்தியும் வேண்டாம் என்றோம். மகன் சலூனிலிருந்து டிரிம்மர் வாங்கிவந்து, சுத்தம் செய்து, வீட்டிலேயே எடுத்தார். பேத்தி கை தட்டிச் சிரித்தாளாம். விக், ஸ்கார்ஃப் என்று நாங்கள் வைத்திருந்த பட்டியல் பையை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு முன் மாற்றியவை

மே 25-இல் வர வேண்டிய இரண்டாம் சுற்று ஒரு வாரம் தள்ளி ஜூன் 1 ஆனது. அதற்குள் ஒரு மாலை முழுக்க மருமகளோடு உட்கார்ந்தேன். இந்த முறை நான் குறைவாகப் பேசினேன்.

எண்ணை மாற்றினோம். ‘நூறைத் தாண்டினால் போன்.’ புள்ளி கிடையாது. சில வீண் அழைப்புகள் வரும், வரட்டும். அக்குளில் வைத்துப் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதாலும் இந்த அளவு பொருந்தியது. எண் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை, ‘கம்பளி கேட்டால் போன்’ என்பதையும் சேர்த்தோம். அது மருமகளே கண்டுபிடித்த அளவுகோல். அன்று அம்மாவைக் காப்பாற்றியது தெர்மாமீட்டர் காட்டிய எண் இல்லை, அந்தக் கேள்விதான்.

தெர்மாமீட்டர் வைக்கும் இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் அடியில் அலமாரி மேல் கிடந்தது. மதியத்தில் அந்த அறையே உடம்பைவிடச் சூடு. பக்கத்து வீட்டில் ஒரு பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தது, எவ்வளவு உதறினாலும் இறங்காது, யார் வாயிலும் வைக்காமலே 103 காட்டும். கெட்டுப்போனது என்று நினைத்திருந்தார்கள். அறையின் சூட்டைத்தான் அது ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தது. டிஜிட்டல் கருவியை மண்பானைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்து, காலை ஆறு, மாலை ஆறு, இரவு ஒன்பது என மூன்று வேளை பார்க்க ஏற்பாடு. மதியம் பார்ப்பதானால் தண்ணீர் தெளித்த பின்கட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு.

வீட்டில் இருந்த காய்ச்சல் மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி, போன் பண்ணாமல் பிரிக்கக் கூடாது என்று வைத்தோம்.

தினசரி காலண்டரில் மஞ்சள் தடவினோம். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை மஞ்சள். அந்த நாட்களில் விருந்தாளி இல்லை, வந்தால் திண்ணையோடு. வெட்டிவைத்த பழம் இல்லை. பீடித்தூள் பின்கட்டுக்கு. வாந்தி மாத்திரைகளை முதல் ஐந்து நாள் கட்டங்களில் எழுதி, போட்டதும் அடிக்கும்படி செய்தோம். சிவப்புச் சிறுநீருக்கு மருமகளே படம் வரைந்தார்: ஒரு சொம்பு, பக்கத்தில் சிவப்புப் பொட்டு, ‘மருந்து, ரத்தம் இல்லை’. வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளிப்பது. இதற்குப் படம் தேவைப்படவில்லை.

டாக்டர் தரப்பில், வெள்ளை அணுவை ஏற்றும் பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. ஊசி சேர்ந்தது. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். ஜூன் வெயிலில் பஸ்ஸில் அதை எப்படிக் கொண்டுபோவது? மறுபடி மறுநாள் வேலூர் வந்து போகச் சொன்னால் ஒரு நாள் தறிக் கூலி போகும். வலது கை வேறு ஒருநாள் முழுக்க ஊசியில் இருந்த களைப்பு. கடைசியில் எங்கள் குழுவின் ஐஸ் பெட்டியில் நானே எடுத்துப்போய்ப் போட்டேன். எல்லா வீட்டுக்கும் இப்படிச் செய்ய எங்களிடம் ஆள் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் சுற்று

ஜூன் 1-இல் மருந்து ஏறியது. வாந்தி மொத்தம் இரண்டு முறை. நான்காம், ஐந்தாம் நாள் இடுப்பிலும் தொடையிலும் எலும்பு வலி. அது அணு ஏற்றும் ஊசியின் வேலை என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வலி மாத்திரையும் போன் செய்து, காய்ச்சல் பார்த்த பிறகே போட்டார்கள். சர்க்கரை 240-ஐத் தாண்டவில்லை.

மஞ்சள் நாட்களில் மூன்று முறை போன் வந்தது. இரண்டு முறை 100.2, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இறங்கிவிட்டது. மூன்றாவது, இரவு பதினொன்றுக்கு, மருமகள்: “நூறு கூட இல்ல சிஸ்டர், தொண்ணூத்தி ஒம்பது தான். சும்மா சொல்லலாம்னு.” பன்னிரண்டாம் நாள் அது. பத்தாம் நாளே நான் நேரில் போய் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தேன், நியூட்ரோஃபில் 1,400. அதைச் சொன்னேன். அப்போதும் அவர் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் பேத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது

எங்கள் துண்டுத்தாளில் 100.4 எடுக்கப்பட்டு 100 ஆகியிருக்கிறது, கட்டைவிரல் அளவு எழுத்தில். முதல் சந்திப்பில் காய்ச்சலைத்தான் முதலில் பேசுகிறோம், வாந்தி பிறகு. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம். பத்தாம் நாள் வருகையை எதற்காகவும் தள்ளுவதில்லை. சொந்த ஊர்த் திருவிழா எப்போது என்று கேட்டு, மஞ்சள் நாட்களில் விழுகிறதா என்று காலண்டரைப் பார்க்கிறோம். குடியாத்தத்தில் மட்டும் இல்லை, ஆடி மாதம் கூழ் வார்க்காத தெரு வடஆற்காட்டில் எங்கே இருக்கிறது?

மூன்றாம் சுற்றுக்கு முந்தைய நாள் அம்மா ஒன்று கேட்டார். டே கேரில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் அடுத்த கட்ட மருந்தில் இருக்கிறாராம், விரல் நுனி மரத்துப்போய்ப் புடவைக் கொசுவம் மடிக்கக்கூட வரவில்லையாம். “எனக்கும் அந்த மருந்து தானே? நூல் கட்ட முடியுமா சிஸ்டர்?” பாக்ளிடாக்சல் நரம்பு நுனிகளைப் பாதிப்பது உண்மை, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக. இலையைச் சுருட்டி, ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, நூலைச் சுற்றி, தலையை மடிக்கிற வேலையில் விரல் நுனிதான் கண்.

டாக்டரிடம் எடுத்துப்போனேன். மரத்துப்போதலை ஒவ்வொரு சுற்றிலும் சோதித்து, தேவைப்பட்டால் அளவைக் குறைப்பதாகச் சொன்னார். பிறகு ஃபைலின் முதல் பக்கத்தைத் திருப்பி, ‘இல்லத்தரசி’ என்பதை அடித்துவிட்டு, ‘பீடி சுற்றுபவர், 30 வருடம்’ என்று எழுதினார்.